முதுமலை சஃபாரி: எந்த மாதம், எந்த வண்டி, எதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்

நீலகிரியில் இருக்கிற முதுமலை புலிகள் காப்பகத்துக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் "நாலு மான், ரெண்டு மயில், அவ்வளவுதான்" என்பார்கள். பொய் சொல்லவில்லை, அவர்கள் கண்ணில் பட்டது அவ்வளவுதான். ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்கள் மே மாத விடுமுறையில் ஒரு சனிக்கிழமை ஊட்டியிலிருந்து இறங்கி, சஃபாரி வண்டிகள் கிளம்பும் தெப்பக்காட்டில் கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் நின்று, ஒரே ஒரு தடவை வண்டி ஏறிவிட்டு இருட்டுவதற்குள் திரும்பியவர்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். பிறகு பல தடவை போன பின்புதான் ஒன்று புரிந்தது: புலி கண்ணில் படுவது நம் கையில் இல்லை, ஆனால் எந்த மாதம் போகிறோம், எங்கே தங்குகிறோம், எத்தனை தடவை ஏறுகிறோம், ஏறியபின் வாயை மூடிக்கொண்டிருக்கிறோமா என்பதெல்லாம் முழுக்க நம் கையில்தான் இருக்கிறது.

முதலில் மாதம். முதுமலை ஒரே மாதிரியான காடு இல்லை. மேற்கே கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்யும், மரங்கள் உயரமாக அடர்ந்திருக்கும். கிழக்கே மசினகுடி, சிறியூர் என்று போகப் போக மழை மறைவுப் பகுதி, மழை குறைந்து முள்ளும் புதருமாக மாறிவிடும். தெப்பக்காடு இந்த இரண்டுக்கும் நடுவில், தேக்கும் மூங்கிலுமாக இருக்கிறது. ஜனவரி கடைசியிலிருந்து தேக்கு இலை உதிர்த்துவிடும், காட்டுக்குள் பார்வை நீளமாகப் போகும், ஓடைகள் வற்ற வற்ற விலங்குகள் மாயாற்றை நோக்கி வரும். பார்ப்பதற்கு நல்ல காலம் அதுதான். ஆனால் காட்டுத்தீக்கும் அதுவே காலம். பிப்ரவரி, மார்ச்சில் தீ அபாயம் கூடினால் சஃபாரியைச் சில நாட்களுக்கு நிறுத்திவிடுவதும் உண்டு, அதனால் கிளம்புவதற்கு முந்தைய நாள் விசாரிக்காமல் போகாதீர்கள். கோடை மழை இரண்டு பெய்துவிட்டால் காய்ந்த தரையில் புல் துளிர்க்கும், யானையும் காட்டெருமையும் சாலையோரத்துக்கே மேய வந்துவிடும். அந்த நேரத்தில் வார நாளில் போக முடிந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை காடு கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் புல் ஆளுயரம் நிற்கும், பத்தடி தள்ளி யானை நின்றாலும் தெரியாது. டிசம்பர், ஜனவரி நல்ல நடுவழி. விடியற்காலை குளிரும், ஸ்வெட்டர் இல்லாமல் வண்டியில் உட்கார முடியாது.

போய்ச் சேரும் வழி. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குச் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போக இ-பாஸ் வேண்டும், அரசுப் பேருந்தில் போனால் அந்தக் கவலை இல்லை. ஊட்டியிலிருந்து இரண்டு பாதை இருக்கிறது. கூடலூர் வழியாகப் போனால் ஏறக்குறைய 67 கிலோமீட்டர், சுற்றுதான், ஆனால் நல்ல சாலை. கல்லட்டி வழியாக மசினகுடிக்கு அதில் பாதித் தூரம்தான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் பிடிக்காமல் நிறைய விபத்து நடந்த பாதை என்பதால் வெளியூர்ப் பதிவெண் வண்டிகளை அதில் கீழே இறங்க விடுவதில்லை, ஏற விடுவார்கள். மேப் காட்டுகிறதே என்று நம்பிக் கிளம்பிவிட்டுச் சோதனைச்சாவடியில் வாக்குவாதம் செய்யாதீர்கள். மைசூர் பக்கமிருந்து வருபவர்கள் பந்திப்பூர் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

தங்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் கொடுக்கும் பணம் காட்டுக்கு நல்லதா கெட்டதா என்பது இங்கேதான் முடிவாகிறது. தெப்பக்காடு, கார்குடி, அபயாரண்யம் ஆகிய இடங்களில் வனத்துறை விடுதிகள் இருக்கின்றன, காப்பகத்தின் இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். வசதி சுமார்தான், ஆனால் ராத்திரி கடமான் கூப்பிடுவது படுக்கையிலேயே கேட்கும். மசினகுடி, மாவநல்லா, பொக்காபுரம் பக்கம் தனியார் விடுதிகள் நிறைய. அந்தச் சிகூர் பகுதி முழுக்க யானைகள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே போய்வரும் வழித்தடம். அந்தத் தடத்தை மறித்துக் கட்டிய விடுதிகளுக்கு 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைத்தார்கள், 2020 அக்டோபரில் இறுதித் தீர்ப்பும் யானைகளுக்குச் சாதகமாகவே வந்தது. அதற்குப் பிறகும், 2021 ஜனவரியில், மசினகுடியில் விடுதி ஒன்றின் அருகே வந்த யானையின் மீது தீயைக் கொளுத்தி எறிந்தார்கள், காதில் பற்றிய நெருப்போடு அது ஓடியது, பிறகு இறந்தது. அந்தக் காட்சியைப் பார்த்தவர்களால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அதனால் அறை பதிவு செய்யும் முன் போன் செய்து மூன்றே கேள்வி கேளுங்கள்: முறையான அனுமதி இருக்கிறதா, ராத்திரி பாட்டும் கேம்ப் ஃபயரும் உண்டா, "நைட் சஃபாரி" கூட்டிப் போவீர்களா? கடைசி இரண்டில் ஒன்றுக்கு "உண்டு சார்" என்று பதில் வந்தாலும் அங்கே தங்க வேண்டாம். நைட் சஃபாரி சட்டப்படி குற்றம், சிக்கினால் உங்களுக்கும் அபராதம்.

சரி, சஃபாரி. புலிகள் காப்பகத்தின் உட்காட்டுக்குள் கூட்டிப்போவது வனத்துறை வண்டிகள் மட்டும்தான், தெப்பக்காடு வரவேற்பு மையத்திலிருந்து காலையும் மாலையும் கிளம்பும், ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். மசினகுடியில் வெளியே நின்று கூப்பிடும் ஜீப்புகள் மாயார், சிங்காரா போன்ற பொதுச் சாலைகளில்தான் ஓட்டுவார்கள். அதிலும் யானை, காட்டெருமை கிடைக்கும், அந்த ஊர்க்கார ஓட்டுநர்களில் பலர் காட்டை நன்றாகத் தெரிந்தவர்கள். ஆனால் "உட்காடு முழுக்கக் காட்டுகிறேன், புலி நிச்சயம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்னிடம் அப்படிச் சொன்ன ஒருவர் இரண்டு மணி நேரம் ஒரே தார்ச்சாலையில் மேலும் கீழும் ஓட்டினார்.

ஒரு தடவை ஏறிவிட்டு முடிவு கட்டாதீர்கள். இரண்டு இரவு தங்கி, குறைந்தது மூன்று சுற்று போங்கள், அதில் இரண்டாவது விடிந்தவுடன் கிளம்பும் முதல் வண்டியாக இருக்கட்டும். பளிச்சென்ற உடை வேண்டாம், காய்ந்த புல் நிறமோ மங்கிய பச்சையோ போதும். சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள். பெரிய கேமரா இல்லையென்று வருத்தப்படவும் வேண்டாம், அதற்குப் பதில் எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு பைனாகுலர் யாரிடமாவது கடன் வாங்கிக்கொண்டு வாருங்கள், மரத்தில் தாவும் மலை அணிலும், சிகூர் வானத்தில் வட்டமிடும் பாறுக் கழுகும் (பிணந்தின்னிக் கழுகு) அதில்தான் கிடைக்கும். ஒரு காலத்தில் எங்கும் பறந்த பாறு இன்று தமிழ்நாட்டில் கூடு கட்டுவது பெரும்பாலும் இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான், அதைப் பார்ப்பது புலியைப் பார்ப்பதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

வண்டிக்குள் என்ன செய்ய வேண்டும்? கேட்க வேண்டும். காட்டில் முதலில் செய்தி வருவது காதுக்குத்தான். புள்ளிமான் கீச்சென்று ஒருமுறை கத்தினால் அது நாயைப் பார்த்தும் கத்தியிருக்கலாம், உங்கள் வண்டியைப் பார்த்தும் கத்தியிருக்கலாம். திரும்பத் திரும்ப, ஒரே திசையைப் பார்த்தபடி, முன்காலைத் தரையில் தட்டிக்கொண்டு கத்தினால் கவனியுங்கள். மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் மந்தி இருமுவது போல் குரல் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் நம்பலாம், அதற்கு மேலிருந்து தெரிகிறது. கடமான் கனத்த குரலில் "டாங்க்" என்று விட்டு விட்டுக் கூப்பிட்டால் மூச்சைக்கூட மெதுவாக விடுங்கள், அது சும்மா கூப்பிடுகிற விலங்கு இல்லை, பக்கத்தில் புலியோ சிறுத்தையோ செந்நாய்க் கூட்டமோ இருக்க வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் ஓட்டுநரிடம் "அண்ணா, ரெண்டு நிமிஷம் ஆஃப் பண்ணி நிக்கலாமா" என்று மெல்லக் கேளுங்கள். பெரும்பாலும் நிறுத்துவார்கள், அவர்களுக்கும் அது ஆசைதான். பின்சீட்டில் யாராவது சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் எல்லாம் போயிற்று. (நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடையும் இருக்கிறது, தண்ணீரை வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு வாருங்கள்.)

கண்ணுக்கும் வேலை உண்டு. சாலையோர மரத்தண்டில் ஆள் உயரத்துக்கு மேல் சேறு பூசியிருந்தால் யானை முதுகு தேய்த்துவிட்டுப் போயிருக்கிறது. சாணத்தில் ஆவி பறந்தால் அது தூரத்தில் இல்லை. உண்ணிச்செடிப் புதருக்குள் விலங்கைத் தேடும்போது முழு உருவத்தைத் தேடாதீர்கள், ஆடும் காதை, வாலை, காட்டெருமையின் வெள்ளைக் கால்களைத் தேடுங்கள். வெயில் காலத்தில் இறங்கி நடக்கும் இடங்களில் ரத்தம் குடிக்கும் உண்ணிப் பூச்சி ஏறும், அறைக்கு வந்ததும் கணுக்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலை முதல் சுற்று முடிந்ததும் அங்கேயே இருக்கிற யானை முகாமுக்குப் போய்விடலாம், எட்டரை மணி வாக்கில் உணவு கொடுப்பார்கள், மாலையிலும் ஒருமுறை உண்டு. நூறாண்டுக்கும் மேல் பழைய முகாம் இது. ராகிக் களியும் கொள்ளும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து பெரிய கவளமாக உருட்டி ஒவ்வொரு யானைக்கும் அதன் அளவுப்படி ஊட்டுவார்கள். பாகனும் அவருக்கு உதவியாளரான காவடியும் பெரும்பாலும் குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடி மக்கள், தலைமுறை தலைமுறையாக இந்த வேலையில் இருப்பவர்கள். அவர்கள் வேலையாக இருக்கும்போது செல்ஃபிக்கு இழுக்காமல், முடிந்தபின் அந்த யானையின் பெயரையும் குணத்தையும் கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்து சொல்வார்கள்.

கடைசியாக, திரும்பும் வழி. சஃபாரியில் கிடைக்காத யானை பல நேரம் நெடுஞ்சாலையில் கிடைக்கும், ஆபத்தும் அங்கேதான். தூரத்திலேயே நிறுத்துங்கள், எஞ்சினை அணைக்காதீர்கள், ஹாரன் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம், கதவைத் திறக்கவே கூடாது. ஒரு யானை சாலையைக் கடந்துவிட்டது என்று உடனே கிளம்பாதீர்கள், குட்டியோடு இன்னொன்று பின்னால் வரலாம். காதை விரித்து, வாலைத் தூக்கி, உங்களை நோக்கி ஓரடி வைத்தால் மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். பின்னால் நிற்கும் வண்டிக்காரருக்கும் கையைக் காட்டி நகரச் சொல்லுங்கள், ரிவர்ஸ் எடுக்க உங்களுக்கு இடம் வேண்டும்.