சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஸ்பீட்ரன்: கணக்குப் பார்க்காமல் செய்யும் தவறுகள்

நின்டெண்டோ 1985-இல் வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸில் 8 உலகங்களும், உலகத்துக்கு 4 வீதம் 32 லெவல்களும் உள்ளன. ஆட்டத்தை மிகக் குறைந்த நேரத்தில் முடிக்க முயலும் ஸ்பீட்ரன்னில், எப்படி முடித்தாலும் செல்லும் என்ற பிரிவில் ஓடுபவர்கள் இவற்றில் எட்டை மட்டுமே தொடுகிறார்கள்: 1-1, 1-2, 4-1, 4-2, பிறகு எட்டாம் உலகத்தின் நான்கு லெவல்கள். இந்த வழியில் 2021-இல் முதன்முறையாக ஒருவர் 4 நிமிடம் 55 விநாடிக்குக் கீழே முடித்தார். இத்தகைய ஓட்டங்களை வீடியோவில் பார்த்துவிட்டுத் தொடங்குபவர், அதில் கண்ட கிளிட்ச்கள் (நிரலின் பிழைகளைப் பயன்படுத்தும் வித்தைகள்) அனைத்தையும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ள முனைகிறார். ஒரு கிளிட்ச்சைப் பழகத் தொடங்குமுன் அதனால் எவ்வளவு நேரம் மிச்சமாகும், அந்த மிச்சம் ஆட்டத்தின் முடிவு வரை தங்குமா என்று கேட்டுக்கொள்பவர்கள் குறைவு.

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல, ஓடுபவர்கள் ஃப்ரேம் ரூல் என்று அழைக்கும் ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆட்டம் விநாடிக்கு ஏறத்தாழ 60 ஃப்ரேம், அதாவது 60 திரைப் படங்கள், என்ற வேகத்தில் இயங்குகிறது. ஆனால் ஒரு லெவல் முடிந்து அடுத்ததற்குச் செல்லலாமா என்பதை நிரல் ஒவ்வொரு ஃப்ரேமிலும் பார்ப்பதில்லை. 21 ஃப்ரேமுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ 0.35 விநாடிக்கு ஒருமுறை மட்டுமே பார்க்கிறது. கூட்டமான கோயிலில் தரிசன வரிசையைத் தடுத்து நிறுத்தி, கதவு திறக்கும்போது மட்டும் ஒரு தொகுதியை உள்ளே விடுவதைப் போன்றது இது. கதவடியில் நெடுநேரமாக நின்றவரும், திறப்பதற்கு ஒரு நொடி முன்பு ஓடி வந்து சேர்ந்தவரும் ஒன்றாகத்தான் உள்ளே போகிறார்கள்.

இதை அறியாதவர், 1-1-இல் 10 ஃப்ரேம் விரைவாக வந்துவிட்டோம் என்று மகிழ்ந்து, அதற்காகவே ஆபத்தான தாவல் ஒன்றை வழித்திட்டத்தில் நிரந்தரமாகச் சேர்த்துவிடுகிறார். அந்த 10 ஃப்ரேமால் முந்தைய கதவைப் பிடிக்க முடியாவிட்டால் அதன் பயன் சுழியம். அதே நேரத்தில், தனித்தனியே பயனற்ற இரண்டு சிறு மிச்சங்கள் ஒன்று சேர்ந்தால் ஒரு கதவைக் கடக்க உதவலாம். அப்போது இரண்டையும் செய்ய வேண்டும், அல்லது இரண்டையும் விட்டுவிட வேண்டும். ஒன்றை மட்டும் செய்வது வீண் ஆபத்து. ஆகவே, லெவல்களின் நேரத்தை நூற்றில் ஒரு பங்கு விநாடிக் கணக்கில் ஒப்பிடுவதைவிட, எத்தனை ஃப்ரேம் ரூல் பின்தங்கியிருக்கிறோம் என்று எண்ணுவதே சரியான முறை. கடைசி லெவலான 8-4 மட்டும் இதற்கு விலக்கு. மாரியோ லெவலின் முடிவிலுள்ள கோடரியைத் தொடும் கணத்தில் கடிகாரம் நின்றுவிடுவதால், அங்கே ஒவ்வொரு ஃப்ரேமும் அப்படியே கணக்கில் வருகிறது. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: தளர்வுள்ள 1-1-இல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி, ஒரு ஃப்ரேமுக்கும் மன்னிப்பில்லாத 8-4-க்கு வரும்போது கைநடுக்கத்தோடு எப்படியாவது முடித்தால் போதும் என்று ஆடுகிறார்கள்.

அடுத்த தவறு, கிளிட்ச்சின் காரணத்தை அறியாமல் கை அசைவை மட்டும் மனப்பாடம் செய்வது. 4-2 இதற்கு நல்ல சான்று. இடையிலுள்ள உலகங்களைத் தாண்டி எட்டாம் உலகத்துக்குச் செல்லும் வார்ப் சோன் என்ற குறுக்குவழி அறையை அடைய, மறைந்திருக்கும் பீன்ஸ் கொடியை வரவழைத்து அதில் ஏறிச் செல்வதே ஆட்டம் உத்தேசித்த வழி. ஏறுவதற்கு நேரம் பிடிக்கும். சற்றுத் தள்ளி நாணய அறைக்கு இட்டுச்செல்லும் குழாய் ஒன்று இருக்கிறது. கொடிக்கும் குழாய்க்கும் உரிய சேருமிடங்களை நிரல் ஒரே நேரத்தில் நினைவில் வைத்திருப்பதில்லை. திரை வலப்பக்கம் நகர நகர, பழைய சேருமிடத்தின் மேல் புதியதை எழுதிக்கொள்கிறது. எனவே, திரை போதுமான அளவு நகர்வதற்கு முன்பே மாரியோ குழாய்க்குள் இறங்கிவிட்டால், கொடிக்குரிய சேருமிடம் அழியாமல் இருந்து, குழாயே வார்ப் சோனுக்குக் கொண்டுசேர்க்கிறது. இதற்கு மாரியோ திரையில் வழக்கத்தைவிட வலப்புறம் தள்ளி நிற்க வேண்டும். கற்களின் மேல் பின்னோக்கி இடிக்கும்போது நிரல் அவரை வெளியே தள்ளிவிடுவதால், திரை அசையாமலே அந்த இடப்பெயர்ச்சி கிடைக்கிறது.

இந்தக் காரணம் தெரிந்தவர், மாரியோ திரையில் நிற்கும் இடத்தைக் கண்ணால் அளந்து, தள்ளல் போதவில்லை என்று தெரிந்தால் கொடியைத் தாண்டும் முன்பே முடிவை மாற்றிக்கொண்டு அதில் ஏறிவிடுவார். சில விநாடிகள் போனாலும் ஓட்டம் பிழைக்கும். அசைவை மட்டும் பழகியவர் குழாய்க்குள் இறங்கி, நாணய அறையைப் பார்த்த பிறகே தவறை உணர்வார். இந்த ஆட்டத்தில் திரை பின்னோக்கி நகராது. ஓட்டம் அங்கேயே முடிந்தது.

வெற்றி வாய்ப்பையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். லெவலின் முடிவில் நிற்கும் கொடிக்கம்பத்தின் அடிக்கல்லுக்குள் புகுந்து, கொடி இறங்கும் நேரத்தைத் தவிர்க்கும் கிளிட்ச் 1-1-இல் ஒரு ஃப்ரேம் ரூலைத் தருகிறது. 8-2-இல் புல்லட் பில் என்ற பறக்கும் குண்டின் மீது துள்ளிச் செய்யும் வித்தையும் இன்னொன்றைத் தருகிறது. பயன் ஒன்றாகத் தோன்றினாலும் விலை ஒன்றல்ல. 1-1-இல் தவறினால் இழப்பு அரை நிமிடம். 8-2-இல் தவறினால் மூன்று நிமிடத்துக்கு மேற்பட்ட உழைப்பு போகும். பாதி வாய்ப்புள்ள மூன்று வித்தைகளை ஒரே ஓட்டத்தில் வைத்தால், எட்டில் ஒரு முறைதான் மூன்றும் கூடிவரும். ஐந்தரை நிமிடத்தில் முடிப்பவருக்கு 0.35 விநாடி எந்த வகையிலும் அவசரத் தேவை இல்லை. அவர் வழக்கமாக இழப்பது வேறு இடங்களில்: எடுத்துக்காட்டாக, கொடிக்கம்பத்தைத் தொடும்போது ஆட்டக் கடிகாரத்தின் கடைசி இலக்கம் 1, 3 அல்லது 6 ஆக இருந்தால் அத்தனை வாணவெடிகள் வெடித்த பிறகே லெவல் முடியும். அந்த வேடிக்கையைத் தவிர்ப்பதற்கு எந்தக் கிளிட்ச்சும் தேவையில்லை.

புகழ்பெற்ற கிளிட்ச் எல்லாம் பயன்படும் கிளிட்ச் என்று எண்ணுவதும் கூடாது. 1-2-இன் முடிவில் சுவருக்குள் புகுந்து செல்லும் மைனஸ் உலகத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர் அரிது. கார்ட்ரிட்ஜ் பதிப்பில் அது முடிவே இல்லாத நீர் லெவல். கடைசிக் குழாய் மறுபடியும் தொடக்கத்துக்கே அனுப்பும்.

பதிப்பையும் விதிகளையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுபவர்கள் பல மாத உழைப்பை இழக்க நேரிடும். ஐரோப்பியப் பதிப்பு 50 ஹெர்ட்ஸில் இயங்குவதால் அதில் பழகிய கணக்கு 60 ஃப்ரேம் பதிப்புக்கு ஒத்துவராது. விசைப்பலகையில் இடமும் வலமும் ஒருசேர அழுத்தினால் மாரியோ இயல்புக்கு மாறான வேகம் பெறுவார். அசல் கன்ட்ரோலரின் சிலுவைப் பொத்தானில் அது இயலாது என்பதால் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. சூப்பர் மாரியோ 64-இல் பின்னோக்கி நீளத் தாவி வேகம் திரட்டும் வித்தையை 1997-இன் ஷிண்டோ பதிப்பிலேயே நீக்கிவிட்டார்கள். 2020-இல் வந்த மறுவெளியீடு அந்தப் பதிப்பை அடிப்படையாகக் கொண்டதால், அதில் எத்தனை நாள் முயன்றாலும் அந்த வித்தை கைகூடாது.

பயிற்சி முறையிலும் ஒரு பொறி உண்டு. சேவ் ஸ்டேட் (ஆட்டத்தின் ஒரு கணத்தை அப்படியே சேமித்து, மீண்டும் அங்கிருந்தே தொடங்கும் வசதி) இல்லாமல் எப்போதும் 1-1-இலிருந்தே தொடங்கி, தவறியதும் ரீசெட் செய்பவர், 1-1-ஐ ஆயிரம் முறையும் 8-3-ஐப் பத்து முறையும் ஆடியிருப்பார். ஒரே சேவ் ஸ்டேட்டில் தங்கிவிடுபவருக்கோ வேறு சிக்கல்: 8-3-இன் சுத்தியல் சகோதரர்கள் அதே இடத்திலிருந்து அதே அசைவுகளுக்கு அதேபோல் எறிவார்கள், உண்மை ஓட்டத்தில் அப்படி எறிய மாட்டார்கள். வெவ்வேறு கணங்களில் எடுத்த பல சேவ் ஸ்டேட்டுகளை மாற்றி மாற்றிப் பழகுவது நல்லது.

இறுதியாக, பிறர் சொன்ன நேரத்தை நிரலோடு ஒப்பிடாமல் இலக்காக வைத்துக்கொள்வது. அட்டாரி 2600-க்காக 1980-இல் வந்த டிராக்ஸ்டர் பந்தய ஆட்டத்தில் 5.51 விநாடி என்ற சாதனை 1982 முதல் பட்டியலில் இருந்தது. அதை எட்ட முயன்றவர்கள் தங்கள் கையில்தான் குறை என்று நினைத்தார்கள். பின்னர் நிரலையே ஆராய்ந்தபோது, 5.57-க்குக் குறைவாக அதில் முடிக்க இயலாது என்று தெரியவந்தது. வீடியோ கேம் சாதனைகளைப் பதிவுசெய்யும் ட்வின் கேலக்ஸீஸ் அமைப்பு 2018 ஜனவரியில் அந்தச் சாதனையை நீக்கியது. 5.57-ஐத் தொட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். அதற்குக் கீழே ஒருவரும் இல்லை.