செட்டிநாட்டுப் பெண்களோடு நலங்கு மாவுத் தொழில்: கூலியை முதலில் எழுதுங்கள்

காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் நலங்கு மாவும் சீயக்காய்த் தூளும் செய்து விற்கலாம் என்று யோசனை கேட்டு வருகிறவர்கள், டப்பா எங்கே மலிவு, லேபிள் யார் அடிப்பார்கள் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் ஒரு நோட்டை எடுக்கச் சொல்வேன். வேலை செய்யப்போகும் பெண்களுக்கு ஒரு நாளைக்கு என்ன கொடுப்பீர்கள் என்பதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். பொருளின் விலை அந்த எண்ணிலிருந்து மேலே ஏறி வர வேண்டும். கடைக்காரர் கேட்கும் விலையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால், கடைசியில் வெட்டு விழுவது கூலியில்தான்.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பத்து கிலோ மாவு, நூறு கிராம் பாக்கெட்டாக நூறு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய். பொறுக்கி, உலர்த்தி, சலித்து, பாக்கெட் போட ஐந்து ஆள் வேலை. ஆளுக்கு 450 என்றால் 2,250. அரவை, டப்பா, லேபிளுக்கு 1,200. ஆக ஒரு பாக்கெட்டின் அடக்கம் 69 ரூபாய் 50 காசு. விற்பனை விலையை 160 என்று வைத்து, கடைக்கு நூற்றுக்கு நாற்பது போனால் உங்கள் கைக்கு 96 வரும். மிச்சம் 26 ரூபாய் 50 காசு. வாடகை, மின்சாரம், போக்குவரத்து, கெட்டுப்போகும் சரக்கு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். அடங்கவில்லை என்றால் விற்பனை விலையை ஏற்றுங்கள், அல்லது நேரடியாக விற்கும் பங்கைக் கூட்டுங்கள். 450-இல் கை வைக்காதீர்கள். அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகவே கூடாது.

பாக்கெட்டைக் கொட்டான் என்ற பனையோலைக் கூடையில் வைத்துப் பரிசுப் பொருளாக விற்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முன்பு கல்யாணச் சீருக்கும் பலகாரம் வைக்கவும் ஆச்சிமார்கள் வீட்டிலேயே முடைந்தது கொட்டான். அருகிப்போன அந்தக் கைவேலையை விசாலாட்சி ராமசாமி முன்னின்று கிராமத்துப் பெண்களைக் கொண்டு மீட்டெடுத்தார். இன்று அது புவிசார் குறியீடு பெற்ற பொருள். முடைபவரிடம் "ஒன்று என்ன விலை?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேரம் பாருங்கள். குருத்தோலையைக் காய வைத்து, ஒரே அகலத்துக்குக் கிழித்து, சாயத்தை கொதிக்கவிட்டு ஓலையை முக்கி, நிழலில் உலர்த்தி, முடைவதற்கு முன் ஈரம் காட்டிப் பதமாக்க வேண்டும். அதன் பிறகுதான் விரல் ஓடும். விளிம்பு கட்டி மடக்குவது தனி வேலை. பீஸ் ரேட் பேசுகிறவர்கள் நடுவில் முடையும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். முன்னும் பின்னும் உள்ள வேலை கூலி இல்லாமலே போய்விடும். எல்லா நேரத்தையும் கூட்டி, நாள் கூலியோடு பொருத்தி, அப்புறம் ஒன்றுக்கு விலை சொல்லுங்கள். அந்தக் கணக்கை முடைபவர் கையிலும் ஒரு பிரதி கொடுங்கள்.

ஆவாரம்பூ பறித்து வருகிறவர்களுக்கும் இதே நியாயம்தான். பச்சைப் பூவை அவர்கள் கண் முன்னால் தராசில் வைத்து, அங்கேயே பணம் கொடுங்கள். காய்ந்த எடைக்குப் பேசினால், எவ்வளவு சுண்டியது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

முன்பணம் முக்கியம். சிறு உற்பத்தியாளர்களுக்கு நியாய விலை கிடைக்கப் பாடுபடும் உலக நியாய வணிக அமைப்பின் (WFTO) பத்துக் கோட்பாடுகளில் ஒன்று, கைவினைப் பொருளுக்கு ஆர்டர் கொடுப்பவர், கேட்டால் பாதித் தொகையையாவது வட்டியில்லாமல் முன்னதாகத் தர வேண்டும் என்கிறது. ஓலைக்கும் சாயத்துக்கும் வெளியே வட்டிக்கு வாங்கினால் கூலியில் ஒரு பகுதி வட்டியாகவே போய்விடும் என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். சுயஉதவிக் குழுவோடு சேர்ந்து செய்தால் பணத்தைக் குழுத் தலைவியிடம் மொத்தமாகக் கொடுக்காமல் ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும் போடுங்கள். யாருக்கு எவ்வளவு என்ற பதிவேடு எல்லோரும் புரட்டிப் பார்க்கும்படி இருக்கட்டும். இன்னொன்று: உலக நியாய வணிக அமைப்பில் உறுப்பினராகாமல் அதன் முத்திரையை டப்பாவில் அச்சடிக்கக் கூடாது. கொட்டானின் புவிசார் முத்திரைக்கும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு வேண்டும்.

அரவைக்கு வருவோம். ஊர் மில்லில் உங்களுக்கு முன்னால் மிளகாய் அரைத்திருப்பார்கள். கொஞ்சம் அரிசி போட்டு ஓட்டிவிட்டால் போதும் என்று மில்காரர் சொல்வார், போதாது. குழந்தைக்குத் தேய்க்கிற மாவில் ஒரு சிட்டிகைக் காரம் கலந்தாலும் தோல் எரியும். குழுவுக்கென்று ஒரு சின்ன அரவை இயந்திரம் வாங்கும்வரை, தூள் வேலைக்கு இறங்காதீர்கள். கார்போக அரிசி என்ற மூலிகை விதையையும் யோசித்துச் சேருங்கள். அதிலுள்ள சோராலென் என்ற பொருள் தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும். பூசிக்கொண்டு வெயிலில் போனால் புண்ணாகலாம். நான் சேர்ப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூவும் ஓலையும் காயாது, பூஞ்சை பிடிக்கும். அதனால் உலர்த்தும் வேலையைக் கோடையிலேயே முடித்து, காற்றுப் புகாத டின்னில் வையுங்கள். மழை மாதத்தில் பெண்களுக்கு வேலை நின்றுபோகாமல் பாக்கெட் போடுவதையும் டின் சரக்கைச் சலிப்பதையும் அப்போதைக்கு ஒதுக்குங்கள்.

உரிமம் விஷயத்தில் சாக்குப்போக்கு வேண்டாம். தோலில் தேய்க்கும் பொருள் சட்டப்படி அழகுசாதனம். 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். சொந்தக் கூடம் இல்லாதவர்கள், உரிமம் உள்ள கூடத்தில் லோன் லைசென்ஸ் எடுத்துச் செய்யலாம். அப்படிப் போகும்போது பூ வாங்குவதும் கொட்டான் முடைவதும் ஊரிலேயே நிற்கும்படி முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பெண்களின் வேலை மெல்ல நகரத்துக்குப் போய்விடும். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். காசு கேட்கும் இணையதளங்களை நம்பாதீர்கள். லேபிளில் மூலப்பொருள், பேட்ச் எண், உரிம எண், தயாரித்த மாதம், எப்போது வரை பயன்படுத்தலாம், நிகர எடை, அதிகபட்ச விலை, முகவரி, புகார் எண் எல்லாம் வேண்டும். தேமல் போகும், முடி முளைக்கும் என்று எழுதினால் அது மருந்தாகிவிடும். அதற்கு வேறு உரிமம்.

"சிவப்பழகு" என்று மட்டும் எழுதாதீர்கள். இந்த மாவைச் சலிக்கிற பெண்கள் கறுப்பு. அவர்கள் கையால் செய்த பொருளை, அவர்கள் நிறத்தைக் குறைவென்று சொல்லி விற்கக் கூடாது.

கடைகளோடு ஒப்பந்தம் போடும்போது, ஆர்டரை ரத்து செய்தால் அதுவரை முடிந்த சரக்குக்கு முழுப் பணம் என்ற வரியைச் சேருங்கள். கடை பணம் வரத் தாமதமானாலும் பெண்களின் சனிக்கிழமைக் கூலி நிற்காமலிருக்க, ஒரு மாதக் கூலியைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவைத்த பிறகே முதல் ஆர்டரை எடுங்கள்.