ஒன்ராறியோவில் மோட்டார் சைக்கிள்: எம்1 எழுதுவதற்கு முன்

ஊரில் பத்து வருடம் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள்தான் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்கு வந்து என்னிடம் அதிகம் விசாரிக்கிறார்கள். "ஓட்டத் தெரியும், அந்த எழுத்துத் தேர்வு மட்டும் எப்படி?" என்பார்கள். ஓட்டத் தெரிந்ததுதான் எனக்குப் பயம் தருகிறது. புதிதாகப் பழகுகிறவர் ஒவ்வொரு சந்தியிலும் யோசிப்பார். பழகியவருக்கு மூளைக்கு முன்னால் கை முடிவெடுத்துவிடும், அந்தக் கை பழகியதோ இடப்பக்க வீதியில். நான் வந்த முதல் கோடையில், ஞாயிறு அதிகாலை, வெறுமையாகக் கிடந்த ஒரு தரிப்பிடத்திலிருந்து வெளியே வந்து நேரே இடப்பக்கம் ஏறிவிட்டேன். எதிரே வாகனம் வராததால் இன்று இதை எழுதுகிறேன். முன்னால் வேறு வாகனங்கள் போனால் அவற்றைப் பார்த்துச் சரியாகப் போய்விடுவோம். வெறும் வீதியில்தான் பழைய பழக்கம் திரும்பி வரும். பெற்றோல் நிலையத்திலிருந்து வெளியேறும்போதும், ஒருவழிப் பாதையிலிருந்து திரும்பும்போதும், "வலப்பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரும்புங்கள். மாதக்கணக்கில் நான் அப்படித்தான் செய்தேன்.

முதலில் உரிமத்தைப் பார்ப்போம். கார் ஓட்டும் ஜி உரிமம் இருந்தாலும் அதை வைத்து மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. ஸ்கூட்டரும் அப்படித்தான், சின்ன மோபெட்டுக்கும் எம் வகுப்பு உரிமம் வேண்டும். "ஸ்கூட்டர்தானே" என்று ஜி உரிமத்தோடு வீதியில் இறங்குகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன். உரிமம் இல்லாமல் ஓட்டுவதாகத்தான் அது கணக்காகும். ஊரில் வாங்கிய, இன்னும் காலாவதியாகாத உரிமத்தை இங்கே குடியேறிய முதல் 60 நாட்களுக்குப் பயன்படுத்தலாம். புறப்படும் முன்பே அங்குள்ள போக்குவரத்துத் திணைக்களத்திடம் உங்கள் ஓட்டுநர் அனுபவத்துக்கு ஒரு கடிதம் வாங்கி வந்தால் நல்லது. இங்கிருந்து அதை வரவழைப்பது பெரிய அலைச்சல்.

எம் உரிமம் மூன்று படிகளாக வரும்: எம்1, எம்2, பிறகு முழு எம். எம்1 முதல் படி. 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஓட்டுநர் தேர்வுகள் நடத்தும் ட்ரைவ்டெஸ்ட் நிலையத்தில் கண் பரிசோதனை, பிறகு அறிவுத் தேர்வு. வீதி விதிகள், வீதிக் குறியீடுகள், மோட்டார் சைக்கிள் ஓட்டும் முறை எல்லாம் கேள்விகளாக வரும். நூற்றுக்கு எண்பது எடுத்தால் தேர்ச்சி. மாகாண அரசு மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிக் கையேடு வெளியிட்டிருக்கிறது. மாதிரிக் கேள்விகளை மனப்பாடம் செய்து தேறிவிடலாம்தான், ஆனால் அந்தக் கையேட்டை ஒரு தடவையாவது முழுதாகப் படியுங்கள். ஊரில் நாம் கேள்விப்படாத விஷயங்கள்தான் அதில் அதிகம்.

உதாரணத்துக்குப் பாடசாலை பஸ். சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்ன அது நின்றால், பின்னால் வருகிறவர் மட்டுமல்ல, எதிர்த் திசையில் வருகிறவரும் நிற்க வேண்டும். நடுவில் தடுப்புத் திட்டு இருக்கும் வீதியில் மட்டும் எதிர்த் திசைக்கு விலக்கு. மீறினால் முதல் தடவையே 400 முதல் 2,000 டொலர் வரை தண்டம், கூடவே உங்கள் ஓட்டுநர் பதிவில் ஆறு குற்றப் புள்ளிகள். நாற்சந்தியில் நான்கு பக்கமும் ஸ்டொப் பலகை இருந்தால் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். இருவர் ஒன்றாக வந்தால் வலப்பக்கத்தில் நிற்பவருக்கு முன்னுரிமை. சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், உருண்டு போவது நின்றதாகாது. சிவப்பு விளக்கில் முழுதாக நின்று, பாதசாரிகளுக்கு வழிவிட்டு, வலப்பக்கம் திரும்பலாம், தடைப் பலகை இல்லாவிட்டால். கார்களின் வரிசைக்கு நடுவே புகுந்து முன்னால் போய் நிற்கும் வழக்கம் இங்கே இல்லை. அதை மறந்துவிடுங்கள்.

சரி, எம்1 கையில் வந்த பிறகுதான் எல்லாரும் தடுமாறும் இடம். அது 90 நாட்களுக்கு மட்டுமே செல்லும். அடுத்த கட்டமான எம்2-க்குப் போகக் குறைந்தது 60 நாட்கள் கடந்திருக்க வேண்டும். ஆக, உங்களுக்கு உண்மையில் இருப்பது கடைசி 30 நாட்கள். அதற்குள் எம்2-க்கான ஓட்டத் தேர்வில் தேர்ச்சி பெறாவிட்டால் மறுபடி அறிவுத் தேர்வு, மறுபடி கட்டணம். ஒக்டோபரில் போய் எழுதாதீர்கள். பனி விழுந்து வீதியெல்லாம் உப்பாகக் கிடக்கும் மாதங்களில் உங்கள் 90 நாளும் வீணாய்ப் போகும். குளிர்காலத்தில் படியுங்கள், வசந்தம் தொடங்கும்போது எழுதுங்கள்.

அதற்கும் முன்னால் பயிற்சி வகுப்பில் இடம் பிடித்துவிடுங்கள். அரசு அங்கீகரித்த வகுப்புகள் பெரும்பாலும் ஒரு வார இறுதியில் முடியும். மோட்டார் சைக்கிளையும் அவர்களே தருவார்கள், எம்2-க்கான தேர்வும் அங்கேயே நடக்கும். நல்ல வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். எம்2-வில் 22 மாதங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இந்த வகுப்பை முடித்தவருக்கு 18 மாதங்கள் போதும். எனக்கு அந்த நான்கு மாதத்தை விடப் பெரிய லாபம் வேறு. பத்து வருடப் பழக்கத்தில் நான் என்னென்ன தவறு செய்கிறேன் என்று முதன்முதலாக ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னது அங்கேதான்.

எம்1 காலத்தில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரைதான் ஓட்டலாம். பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது, மனைவியானாலும் தம்பியானாலும். உடம்பில் மதுவோ கஞ்சாவோ துளியும் இருக்கக் கூடாது. வேக எல்லை 80 கிலோமீட்டரைத் தாண்டும் நெடுஞ்சாலைகளில் ஏறக் கூடாது. வடக்கே போகும் 11, 17 போன்ற சில சாலைகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் ரொறன்ரோக்காரருக்கு 401 நெடுஞ்சாலையும் கிடையாது, டொன் வலி பார்க்வேயும் கிடையாது. வழிகாட்டும் செயலியில் நெடுஞ்சாலையைத் தவிர்க்கும்படி முன்பே மாற்றி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது உங்களை நேரே ஏறுபாதையில் கொண்டுபோய் விடும், அங்கிருந்து திரும்ப முடியாது.

இனி ஓட்டம். எல்லாவற்றுக்கும் மேலாக நான் சொல்ல விரும்புவது சந்தியில் இடப்பக்கம் திரும்பும் காரைப் பற்றி. நீங்கள் பச்சையில் நேரே போகிறீர்கள், எதிரே ஒரு கார் இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கிறது. ஓட்டுநர் உங்கள் பக்கம் பார்ப்பார், உங்களைக் காணமாட்டார். ஒற்றை விளக்கை வைத்து உங்கள் தூரத்தையும் வேகத்தையும் கணிப்பது அவருக்குக் கடினம். அவர் முகத்தை நம்பாதீர்கள், முன் சக்கரத்தைப் பாருங்கள். கார் அசைவது முதலில் சக்கரத்தில்தான் தெரியும். சந்தியை நெருங்கும்போது வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, விரல்களை முன் பிரேக்கின் மேல் தயாராக வையுங்கள். நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. ஊரில் பின் பிரேக்கையே மிதித்துப் பழகியவர்கள் வெற்றுத் தரிப்பிடம் ஒன்றில் முன் பிரேக்கை மெதுவாக இறுக்கிக்கொண்டே போய்ப் பழக வேண்டும். சட்டென்று பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

வீதியின் நடுப்பகுதியில் கார்கள் சிந்திய எண்ணெய் படிந்திருக்கும், சந்தியில் இன்னும் அதிகம். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள் அது மேலே மிதந்து வழுக்கும். அதனால் கார்ச் சக்கரம் போகும் தடத்தில் ஓட்டுங்கள், பொதுவாக இடத் தடம் நல்லது. எதிரே வருகிறவருக்கும் தெரிவீர்கள், பக்கத்தில் யாரும் நெருக்கி நுழையவும் மாட்டார்கள். ரொறன்ரோவில் குவீன், கிங், ஸ்படைனா வீதிகள் பக்கம் போனால் ஸ்ட்ரீட்கார் என்ற ட்ராம் வண்டியின் தண்டவாளம் வரும். ஈரமான இரும்பு சோப்புப் போல வழுக்கும். முடிந்தவரை குறுக்காக, நிமிர்ந்தபடி, பிரேக் பிடிக்காமல் கடந்து விடுங்கள். வசந்தத்தின் முதல் வாரங்களில் குளிர்காலத்தில் தூவிய மணல் வளைவுகளில் கிடக்கும். இலையுதிர் காலத்தில் ஈர இலைகள்.

ஹெல்மெட் கட்டாயம். முகம் முழுவதையும் மூடும் வகையை வாங்குங்கள். விழும்போது தாடைதான் அடிக்கடி தரையில் படுகிறது. ஒரு தடவை விழுந்த ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்ற வேண்டும். கையுறையும் கணுக்கால் மூடும் சப்பாத்தும் இல்லாமல் பக்கத்துக் கடைக்குக்கூடப் போகாதீர்கள். செருப்போடு ஓட்டிய நாட்கள் ஊரோடு போகட்டும்.

வாங்கும் முன் காப்புறுதித் தொகையை விசாரியுங்கள். புதியவருக்கு, அதிலும் வேக ரக மோட்டார் சைக்கிளுக்கு, அது வண்டியின் விலையையே எட்டிப் பிடிக்கும் அளவுக்கு வரலாம். காப்புறுதி இல்லாமல் வீதியில் இறங்குவது சட்டவிரோதம். பழையது வாங்கினால், விற்பவர் தர வேண்டிய வாகன விவரப் பொதியைக் கேட்டு வாங்கி, வண்டியின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

எம்2-விலிருந்து முழு எம் பெறும் வீதித் தேர்வில், பரீட்சகர் பின்னால் காரில் வந்து ஒலிபரப்பிக் கருவியில் சொல்லுவார், நீங்கள் காதில் கேட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும். அவருக்குத் தெரிவது உங்கள் முதுகு மட்டும்தான். கண்ணாடியில் பார்த்தேன் என்றால் அவருக்குத் தெரியாது. பாதை மாறும்போது தலையைத் தோள் பக்கம் நன்றாகத் திருப்பிப் பாருங்கள். கைச் சமிக்ஞை கேட்டால் இடக் கையால் காட்டுங்கள், வலக் கை அக்சிலரேட்டரையும் முன் பிரேக்கையும் விடக் கூடாது. கையை நேரே நீட்டினால் இடம், முழங்கையை மடக்கி மேலே உயர்த்தினால் வலம், கீழே தொங்கவிட்டால் நிற்கிறேன் என்று அர்த்தம்.