வெள்ளம் வடிஞ்சா முதல்ல கிணத்தப் பாருங்க

மாரி வெள்ளம் வடிஞ்ச உடனே மோட்டரப் போட்டுக் கிணத்த அடிவரைக்கும் இறைச்சிராதீங்க, கிழக்கிலங்கைக் கடற்கரையில கல்லடி கல்முனப் பக்கம் நம்மட மணல் தரையில நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதக்கிற மாதிரித்தான் இரிக்கி, ஒரேயடியா இறைச்சா உப்பு மேல ஏறிரும், 2004 சுனாமிக்குப் பிறகு பட்ட பாடு தெரியும்தானே. கொஞ்சம் கொஞ்சமா இறைச்சு கலங்கல் தெளிஞ்ச பிறகு பிஎச்ஐ ஐயாட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கிணத்துட அகலம், தண்ணிட ஆழம் ரெண்டையும் சொல்லி, அவர் சொல்ற அளவுக்கு குளோரின் கரைச்சு ஊத்துங்க. வாளிய அடிவரைக்கும் நாலஞ்சு தரம் இறக்கித் தூக்கினா நல்லாக் கலக்கும். மறுகா ஒரு நாள் அள்ளவே வேணாம், பிறகு மணம் போகுமட்டும் மெதுவா இறைங்க. கிணத்துக் கட்டுல வெடிப்பு இரிந்தா சீமெந்து பூசிருங்க. கக்கூஸ் குழி 50 அடிக்குள்ள இரிந்தா எப்பவுமே கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும், சின்னப்புள்ளைகளுக்குக் கட்டாயம்.