ரிவால்வரை எப்படிப் பிடிப்பது: விரலைக் காப்பாற்றும் வழி

பிஸ்டலில் பழகியவர்கள் ரிவால்வரைக் கையில் எடுத்தால் இடது கட்டைவிரல் தானாகவே முன்னால் நீண்டு சிலிண்டரின் முன் விளிம்பு வரைக்கும் போய்விடும். பிஸ்டலில் அது சரியான பிடிதான், இரண்டு கட்டைவிரலும் இலக்கைப் பார்த்து நீண்டிருக்கட்டும் என்றுதான் அங்கே சொல்லித் தருகிறார்கள். ரிவால்வரில் அந்த இடத்தில் விரல் இருந்தால் தோலும் சதையும் கிழியும், தோட்டா பெரிதென்றால் விரல் நுனியே போய்விடும். ஒரு தடவை சுட்டாலே போதும். அதனால் பிஸ்டலுக்குப் பழகிய கையை அப்படியே ரிவால்வருக்குக் கொண்டு வராதீர்கள், பிடியைப் புதிதாகக் கற்றுக்கொள்ளுங்கள். வலது கைப் பழக்கம் உள்ளவரை மனதில் வைத்து எழுதுகிறேன், இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது

ரிவால்வரில் தோட்டா உட்காரும் சிலிண்டர் தனி, குண்டு வெளியேறும் குழல் தனி. சிலிண்டர் உரசாமல் சுழல வேண்டும் என்றால் இரண்டுக்கும் நடுவே கொஞ்சமாவது இடைவெளி விட்டாக வேண்டும். நல்ல நிலையில் உள்ள துப்பாக்கியில் அது 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருக்கும், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் மெல்லிய கோடு போலத் தெரியும். சுடும்போது குண்டு அந்த இடத்தைத் தாண்டிக் குழலுக்குள் நுழைய, அதன் பின்னால் வரும் சூடான வாயுவில் ஒரு பங்கு அந்தக் கோட்டின் வழியே இரண்டு பக்கமும் பீய்ச்சி அடிக்கிறது. கூடவே எரிந்தும் எரியாத வெடிமருந்துத் துகள், குண்டிலிருந்து சீவப்பட்ட ஈயம், செம்பு எல்லாம் வெளியே வருகிறது.

எவ்வளவு வேகம் என்பது தோட்டாவைப் பொறுத்தது. சிலிண்டர் அறைக்குள் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் .38 ஸ்பெஷலுக்கு 17,000 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு அழுத்தம் என்ற அளவு), .357 மேக்னத்துக்கு 35,000, .44 மேக்னத்துக்கு 36,000. 2003-ல் வந்த .500 ஸ்மித் அண்ட் வெஸனுக்கு 60,000 வரை போகிறது, .460-க்கு 65,000. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று முப்பது பி.எஸ்.ஐ. சொச்சம்தான். குண்டு இடைவெளியைத் தாண்டும் நேரத்தில் அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஆனாலும் சதையை வெட்ட அது தாராளமாகப் போதும். .22 ரிவால்வர்தானே என்று அலட்சியமாக இருப்பவர்களைப் பார்க்கிறேன். அதிலும் வாயு சுடும், ஈயத் துணுக்கு தெறிக்கும். தவிர, .22-ல் பழகிய தவறான பிடியைத்தான் கை நாளைக்கு .357-க்கும் எடுத்துக்கொண்டு வரும்.

1895 மாடல் நாகாந்த் ரிவால்வர் மட்டும் கொஞ்சம் வித்தியாசமானது. அதில் ஹேமரை, அதாவது தோட்டாவை அடிக்கும் பின்பக்கச் சுத்தியை, இழுக்கும்போது சிலிண்டர் முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும், தோட்டாவின் நீண்ட வாய் இடைவெளியை அடைத்துவிடும். அதற்காக அதிலும் விரலை முன்னால் வைத்துப் பழகாதீர்கள், அடுத்து எடுக்கும் ரிவால்வர் அப்படி இருக்காது.

ஆக விதி இதுதான்: சிலிண்டரின் முன் முகத்துக்குப் பக்கத்திலோ அதற்கு முன்னாலோ உங்கள் கையின் எந்தப் பகுதியும் இருக்கக் கூடாது. நின்று சுடும்போது பலரும் இதை நினைவில் வைத்திருப்பார்கள். மேசையில் மணல் பை வைத்துச் சுடும்போதுதான் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் நீளமான கனத்த ரிவால்வரை அப்படி வைத்ததும் இடது கை குழலுக்கு அடியிலோ துப்பாக்கியின் உடற்சட்டத்தின் முன்பகுதியிலோ தாங்கிக்கொள்ளப் போகும். மணல் பைதான் தாங்க வேண்டும், இடது கை எப்போதும்போல வலது கையோடுதான் இருக்க வேண்டும். ரைஃபிள் மாதிரி கட்டை வைத்த ரிவால்வர்களிலும் இதே ஆபத்து உண்டு. கோல்ட்டின் 1855 மாடல் சுழல் ரைஃபிளில் முன்னால் பிடித்த கை வாயுவுக்கு நேராகவே இருந்தது. சில துப்பாக்கிகளில் அதற்காகத் தனியாகக் கேடயத் தகடு பொருத்தி விற்கிறார்கள். தகடு இல்லாததை முன்னால் வைத்த கையால் தாங்கிச் சுட வேண்டாம்.

பிடி

முதலில் துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும். சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு ஓட்டையையும் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். ஐந்து ஓட்டையா, ஆறா, எட்டா என்று எண்ணிக்கொள்ளுங்கள். தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும். சரி, இப்போது வலது கை.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை வளைவு, பிடியின் முதுகில் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே போக வேண்டும், ஆனால் ஹேமர் பின்னால் வரும் வழியை அடைக்கக் கூடாது. கீழே பிடித்தால் ஒவ்வொரு உதையிலும் குழல் மேலே எகிறி மணிக்கட்டை முறுக்கும். அளவுக்கு மீறி மேலே பிடித்தால் ஹேமர் அந்தச் சதையைக் கவ்வும். ஹேமரை மெதுவாகப் பின்னால் இழுத்துப் பார்த்தால் உங்கள் கைக்கு எல்லை எது என்று உடனே தெரிந்துவிடும்.

அடுத்ததுதான் பலரும் கவனிக்காமல் விடுவது. குழலும் உங்கள் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் வர வேண்டும். விரல் குட்டையாக இருந்து டிரிகர் எட்டவில்லை என்றால் துப்பாக்கியைக் கைக்குள் கொஞ்சம் திருப்பிப் பிடிக்கத் தோன்றும், அப்படித் திருப்பினால் உதை முழுவதும் கட்டைவிரலின் அடி மூட்டில் போய் விழும். அன்றைக்கு வலி பெரிதாகத் தெரியாது. பல மாதம் இப்படியே சுட்டால் அந்த மூட்டில் நிரந்தர வலி வந்து, புட்டியின் மூடியைத் திருகவே சிரமப்படுவீர்கள். பிடிக்கட்டையை மாற்றுங்கள். அநேக ரிவால்வர்களில் ஒரே ஒரு திருகுதான், அதைக் கழற்றினால் மெல்லிய கட்டையோ ரப்பர் கட்டையோ போட்டுக்கொள்ளலாம். இவ்வளவு சுலபமாகக் கைக்கு ஏற்றபடி மாற்ற முடிகிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் வலியோடு சுடுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வலது கட்டைவிரலை நடுவிரலைப் பார்த்துக் கீழே மடக்குங்கள். சிலிண்டரைத் திறக்கும் தாழ்ப்பாள் அதற்கு மேலேதான் இருக்கிறது, விரல் நிமிர்ந்திருந்தால் உதையில் தாழ்ப்பாளின் விளிம்பு கணுவைக் கீறிவிடும். நடுவிரல் டிரிகர் கார்டுக்கு, அதாவது டிரிகரைச் சுற்றியுள்ள வளையத்துக்கு, கீழே இருக்கும், கனமான தோட்டாவில் அந்தக் கார்டின் பின்பகுதி நடுவிரல் கணுவை இடிக்கும். பழைய சிங்கிள் ஆக்‌ஷன் மாடல்களில் (ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கையால் இழுத்த பிறகே சுடுபவை), அதுவும் சதுர முதுகுள்ள டிரிகர் கார்டு என்றால், இந்த இடி ரொம்பவே தெரியும். கார்டுக்குப் பின்னால் உள்ள இடத்தை அடைக்கிற ரப்பர் கட்டை போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். 1873 கோல்ட் பாணியில் வளைந்த பிடி உள்ளவை உதைக்கும்போது கைக்குள் மேல்நோக்கி உருளும்படியே அமைந்தவை, அவற்றை உருளவிட்டு ஒவ்வொரு முறையும் பிடியைச் சரிசெய்துகொள்வதுதான் கைக்கு நல்லது.

இப்போது இடது கை. நான்கு விரல்களும் வலது கை விரல்களுக்கு மேலே சுற்றி வரட்டும், ஆள்காட்டி விரல் டிரிகர் கார்டுக்கு அடியில் இறுக ஒட்டியிருக்கட்டும். அதைக் கார்டின் முன்பக்கம் கொக்கி போல மாட்டுபவர்கள் உண்டு, சின்னத் துப்பாக்கிகளில் அந்த இடம் இடைவெளிக்கு ரொம்பக் கிட்டே வந்துவிடும், ஆகவே வேண்டாம். சட்டத்தின் பக்கவாட்டில் விரலை நீட்டி வைப்பது அதைவிட மோசம். இடது கட்டைவிரலை வலது கட்டைவிரலின் நகத்தின் மேல் வைத்து அழுத்திப் பூட்டுங்கள். இரண்டு கட்டைவிரலும் மடங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக, சிலிண்டருக்குப் பின்னால். இந்தப் பூட்டுதான் முக்கியம். ஹேமர் வெளியே தெரியும் மாடலில் இடது கட்டைவிரலைப் பின்பக்கமாக, வலது கைக்கு மேலே குறுக்கே போடாதீர்கள், ஹேமர் பின்னால் வரும்போது அதில் படும்.

சிங்கிள் ஆக்‌ஷனில் சுடுபவர்கள் இடது கட்டைவிரலால் ஹேமரை இழுப்பார்கள். நல்ல முறைதான், ஆனால் இழுத்து முடித்த விரல் திரும்பி வந்து பூட்டில் உட்கார்ந்த பிறகுதான் வலது ஆள்காட்டி விரல் டிரிகருக்குப் போக வேண்டும். அவசரத்தில் அந்தக் கட்டைவிரல் எங்கேயாவது முன்னால் போய் ஒதுங்கும்.

பிடி சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சிலிண்டருக்குக் கீழே சட்டத்தின் இடது பக்கம் காகித டேப் ஒன்றை ஒட்டி, சிலிண்டரின் முன் முகத்திலிருந்து இரண்டு விரற்கடை பின்னால் பேனாவால் கோடு போடுங்கள். காலித் துப்பாக்கியை மேசையிலிருந்து எடுப்பது, பிடிப்பது, இலக்கைப் பார்ப்பது என்று திரும்பத் திரும்பச் செய்யும்போது பக்கத்தில் ஒருவர் நின்று கோட்டை விரல் தாண்டுகிறதா என்று பார்க்கட்டும், இல்லாவிட்டால் போனில் பதிவு செய்து பாருங்கள். வேகமாக எடுக்கும்போதும் தாண்டாமல் வர வேண்டும், அதுவரைக்கும் தோட்டா போட வேண்டாம். அப்புறம் டேப்பைக் கழற்றிவிடுங்கள்.

தோட்டா போட்ட பிறகு

சின்னதிலிருந்து தொடங்குங்கள். .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் போடலாம், .44 மேக்னத்தில் .44 ஸ்பெஷல் போடலாம், மாற்றிப் போட முடியாது. கனமான தோட்டாவை முதல்முறை சுடும்போதும், புதிதாக ஒருவருக்குக் கொடுக்கும்போதும் சிலிண்டரில் ஒன்றே ஒன்று மட்டும் போடுங்கள். உதையில் துப்பாக்கி எகிற, அதைப் பிடிக்கப் போய் விரல் மறுபடி டிரிகரை அழுத்தி, குழல் மேலேயோ சுட்டவரையே பார்த்தோ இருக்கும் நேரத்தில் இரண்டாவது குண்டும் போகலாம். இதில் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம், அனுபவசாலி என்று சொல்லிக்கொள்பவருக்கும் முதலில் ஒன்றுதான்.

பெரிய காலிபரில் முழங்கையை லேசாக மடக்கி வையுங்கள், பூட்டி வைத்தால் அதிர்ச்சி நேராக மூட்டுக்குப் போகும். மிக இலேசான உலோகத்தில் செய்த, 340 கிராம்கூட எட்டாத சின்ன ரிவால்வர்களில் முழு .357 தோட்டா போட்டு நாள் முழுவதும் பழகுவது என் பார்வையில் கையைப் பாழாக்கும் வேலை, அதில் .38 போடுங்கள். பஞ்சு வைத்த கையுறை உதவும். விரல் மரத்துப்போனாலோ கூசினாலோ அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். மறுநாளும் மரமரப்பு இருந்தாலோ பிடியில் வலு குறைந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள், மணிக்கட்டு நரம்பு அழுந்தியிருக்கலாம்.

டிரிகர் அழுத்தியும் ஹேமர் அடித்த சத்தம் மட்டும் வந்தால் இலக்கை விட்டுக் குழலை நகர்த்தாதீர்கள், முப்பது விநாடியாவது அப்படியே நில்லுங்கள், அதற்குள் சிலிண்டரைத் திறப்பதோ மறுபடி அழுத்துவதோ வேண்டாம். சத்தமும் உதையும் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால் உடனே நிறுத்தி, தோட்டாக்களை எடுத்துவிட்டுக் குழலைச் சோதியுங்கள். குண்டு உள்ளேயே சிக்கியிருந்து அடுத்ததைச் சுட்டால் குழலோ சிலிண்டரோ கையிலேயே வெடிக்கும்.

பக்கத்தில் நிற்பவர் முகத்தில் துணுக்கு தெறித்தால் சிலிண்டர் குழலுக்கு நேராக நிற்காமல் இருக்கலாம், ஃபீலர் கேஜில் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) இடைவெளி 0.25 மில்லிமீட்டரைத் தாண்டினாலும் சரியில்லை. இரண்டுக்குமே துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். திறந்த சிலிண்டரை ஒரு சுண்டு சுண்டி மூடும் பழக்கம் சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கரத்தை வளைத்து இந்தக் கோளாறைக் கொண்டுவரும், கையால் மெதுவாக மூடுங்கள். யாரும் சிலிண்டருக்கு நேர்பக்கத்தில் நிற்கக் கூடாது, எல்லாரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். சில சுற்றுகள் சுட்ட பின் குழலும் சிலிண்டரும் தோலைச் சுடும், தொட்டுப் பார்க்க வேண்டாம். சுட்டு முடித்ததும் ஈயம் போகச் சோப்பு போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

காயம் பட்டுவிட்டால்

முதலில் துப்பாக்கி. குழலை இலக்குப் பக்கமாகவே வைத்துக் கீழே வையுங்கள், பக்கத்தில் இருப்பவர் அதைக் காலி செய்யட்டும். சுத்தமான துணியால் காயத்தை இறுக அழுத்திக் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றுங்கள். விரலின் அடியில் கயிறு கட்ட வேண்டாம், களிம்பு தடவ வேண்டாம், உள்ளே புதைந்த துகளை ஊசியால் நோண்ட வேண்டாம். விரல் துண்டு விழுந்திருந்தால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த தண்ணீரில் வையுங்கள். துண்டு நேரடியாகப் பனிக்கட்டியில் படக் கூடாது.

வாயு வெட்டிய காயம் மேலே சின்னதாகத் தெரிந்தாலும் துகளும் ஈயமும் ஆழத்தில் போயிருக்கும், தசைநாணோ நரம்போ அறுந்திருக்கலாம். விரல் நுனியை மடக்க முடிகிறதா, ஒரு பக்கம் மட்டும் உணர்ச்சி இல்லையா என்று பாருங்கள், ஆனால் இரண்டும் சரியாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். அங்கே வெறும் வெட்டுக்காயம் என்று சொல்லாதீர்கள். ரிவால்வரின் பக்கவாட்டு வாயு அடித்தது, உள்ளே வெடிமருந்தும் உலோகமும் இருக்கலாம் என்று தெளிவாகச் சொன்னால்தான் எக்ஸ்ரே எடுத்து, காயத்தைத் திறந்து கழுவ வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.