பாஸ்வேர்டு டேட்டாபேஸ் வரை போகக் கூடாது

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த் பக்கம் காவடிப் பதிவுக்கோ தமிழ் வகுப்புச் சேர்க்கைக்கோ கோயிலும் சங்கமும் இணையதளம் தொடங்கினால், அதைக் கட்டித் தருவது பெரும்பாலும் ஓய்வு நேரத்தில் உழைக்கும் நம் பிள்ளைகள்தான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் குழப்பம், இரண்டு கணக்குகளை ஒன்றாக நினைப்பது. உறுப்பினர் பாஸ்வேர்டு தருவது இணையதளத்துக்கு. டேட்டாபேஸைத் திறக்க வேண்டியது இணையதளத்தின் சொந்தக் கணக்கு. ஆளுக்கொரு டேட்டாபேஸ் கணக்கு போட்டு, அவர் தட்டியதை அப்படியே அங்கே அனுப்பினால் இணைப்புகளைப் பகிர்ந்து பயன்படுத்த முடியாது. பாஸ்வேர்டையும் செஷனில், அதாவது அவர் உள்ளே இருக்கும்வரை சர்வர் நினைவில் வைக்கும் தகவலில், வைத்திருக்க நேரும். யார் எதைப் பார்க்கலாம் என்று பிரிக்கத்தானே இந்தப் பாடு? அதற்கு, போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 9.5 முதல் வரிசை அளவிலேயே அனுமதி வைக்கலாம்.

அடுத்தது பலர் கவனிக்காதது. ஹாஷ் போடும் வேலையை, அதாவது பாஸ்வேர்டைத் திரும்பப் பெற முடியாத குறியீடாக மாற்றுவதை, டேட்டாபேஸுக்கு அனுப்பும் எஸ்கியூஎல் கட்டளைக்குள்ளேயே வைக்கிறார்கள். அப்போது உண்மையான பாஸ்வேர்டு டேட்டாபேஸுக்குப் போகிறது. பீகிரிப்ட் என்ற ஹாஷ் முறை வேண்டுமென்றே மெதுவாக ஓடுவது. தாமதமான கட்டளைகளைப் பதியும் லாக் (பதிவேடு) இருந்தால் இந்தக் கட்டளையும் பாஸ்வேர்டோடு அதில் விழும். பாஸ்வேர்டைக் கட்டளையில் எழுதாமல் தனி மதிப்பாக, அதாவது பாராமீட்டராக, அனுப்பினாலும் போஸ்ட்கிரெஸ் அதன் மதிப்பையும் சேர்த்தே எழுதிவிடக்கூடும். லாக் கோப்பு பேக்கப்புக்கும் போகும். ஆகவே உறுப்பினரின் பயனர் பெயரை மட்டும் டேட்டாபேஸுக்கு அனுப்பி, சேமித்த ஹாஷை வாங்கி, வெப் சர்வரிலேயே ஒப்பிடுங்கள். பிஎச்பி நிரல்மொழியில் 'பாஸ்வேர்டு வெரிஃபை' இதற்கென்றே இருக்கிறது.

அந்தப் பெயரையும் கட்டளையோடு ஒட்டாமல் பாராமீட்டராகவே அனுப்புங்கள். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் இணையாதீர்கள். இணைப்புக்கான பாஸ்வேர்டு, நிரல்களைச் சேமிக்கும் 'கிட்'டில் (Git) ஏறவே கூடாது. ஏறியிருந்தால் அழித்தால் போதாது, மாற்றியாக வேண்டும். டேட்டாபேஸ் வேறு சர்வரில் இருந்தால், இணைப்பை மறையாக்கும் எஸ்எஸ்எல் அமைப்பை 'வெரிஃபை ஃபுல்' என்று வையுங்கள். 'ரிக்வயர்' மறையாக்கம் செய்யும். ஆனால் எதிரே இருப்பது நம் சர்வர்தானா என்று பெயர் பார்க்காது.

தென்னாப்பிரிக்காவில் இதற்குச் சட்டமும் உண்டு. தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போப்பியா (POPIA) சட்டம் 2021 ஜூலை 1 முதல் கண்டிப்பாக அமலாகிறது. சமய நம்பிக்கையை அது சிறப்புத் தகவலாக எண்ணுகிறது; காவடிப் பட்டியல் அதற்குள் வரும் என்றே நான் கருதுகிறேன். கசிந்தால் ரெகுலேட்டருக்கும் உறுப்பினர்களுக்கும் சொல்லியாக வேண்டும்.

பழைய தளத்தில் எம்டி5 என்ற பலவீனமான பழைய ஹாஷ் இருந்தால் காத்திருக்காதீர்கள். அந்த ஹாஷ் மேலேயே இன்று பீகிரிப்ட் போடுங்கள். ஒவ்வொருவரும் அடுத்த முறை உள்ளே வரும்போது புதிதாக மாற்றிக்கொள்ளலாம்.