அமெரிக்காவில் பேச்சுக்கொடுப்பது எப்படி? ஆர்.கே.புரத்திலிருந்து சில யோசனைகள்

பிள்ளைகள் வீட்டுக்கு ஆறு மாதம் போய் வரும் பெற்றோர் பலர் அமெரிக்காவில் பார்ப்பது ஓர் இந்திய மளிகைக்கடை, ஒரு கோயில், நயாகரா அருவி. டெல்லி ஆர்.கே.புரத்தில் இருக்கும் முருகன் கோயிலான மலை மந்திரில் என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

"அமெரிக்கர்கள் எப்படிப்பட்டவர்கள்?" என்ற கேள்வியை டெல்லியிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். நாகர்கோவில்காரரையும் நெல்லூர்க்காரரையும் ஒரே 'மதராசி'யாக்கிய ஊரில் காலம் தள்ளிய நமக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மாநிலத்தைப் பற்றிக் கேட்பதைவிட அவர்கள் கவுண்டி என்று சொல்லும் சிறு வட்டாரத்தைப் பற்றிக் கேளுங்கள். அதைவிட நல்லது, அந்த வட்டாரத்தின் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பது.

என் மகள் வட கரோலினா மாநிலத்தின் ராலேயில் இருக்கிறாள். அந்த ஒரு மாநிலத்துக்குள்ளேயே பார்பிக்யூ விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. கிழக்குக் கட்சி முழுப் பன்றியையும் தணலில் மணிக்கணக்காக வேகவிட்டு, வினிகரும் மிளகாயும் கலந்த சாற்றை ஊற்றும்; தக்காளி வாடையே ஆகாது. மேற்கே லெக்சிங்டன் கட்சிக்குத் தோள்கறிதான் வேண்டும். சாற்றில் கொஞ்சம் கெச்சப்பும் சேரும். எல்லை தாண்டித் தென் கரோலினாவின் நடுப்பகுதிக்குப் போனால் கடுகுச் சாறு. டெக்சஸின் நடுப்பகுதியிலோ மாட்டின் நெஞ்சுக்கறிக்கே முதல் மரியாதை. லெக்சிங்டனில் 1984 முதல் அக்டோபர் மாதத்தில் இதற்கென்றே திருவிழா நடத்துகிறார்கள்.

நான் முட்டைகூடத் தொடாதவன். ஆனாலும் கடை வரிசையில் முன்னால் நிற்பவரிடம், "நான் டெல்லியிலிருந்து வருகிறேன், இதில் எதுதான் சரியான முறை?" என்று கேட்டுவிடுவேன். பிறகு நான் பேச வேண்டிய அவசியமே இருக்காது. எந்த விறகு நல்லது, தாத்தா இரவெல்லாம் எப்படிக் கண்விழித்துத் தணலைப் பார்த்துக்கொண்டார், அறுவடை முடிந்தால் யார் யார் கூடுவார்கள் என்று அவருடைய குடும்பக் கதையே வந்துவிடும். உங்கள் கதையையும் சொல்லுங்கள், ஆனால் சுருக்கமாக. சாதி, பசு, பெற்றோர் பார்த்து வைக்கும் கல்யாணம் ஆகியவை பற்றி அவர்களும் கேட்பார்கள். இந்தியா முழுமைக்கும் வக்கீலாகாமல் உங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொன்னால் போதும்.

சம்பளம், வயது, யாருக்கு ஓட்டு, ஏன் குழந்தை இல்லை என்பதெல்லாம் வேண்டாம். நாய், தோட்டம், உள்ளூர்ப் பள்ளியின் கால்பந்து அணி ஆகியவற்றில் தொடங்கலாம். எண்பது வயதுக்காரரும் தம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்; நமக்கு நாக்கு கூசும். தென் மாநிலங்களில் வயதான பெண்களின் பெயருக்கு முன் 'மிஸ்' சேர்த்து அழைக்கும் வழக்கம் இருப்பது நமக்கு வசதி.

பேசுவதற்கு நல்ல இடம் எது என்று கேட்டால் கண்காட்சிகளைச் சொல்வேன். ராலேயில் மாநிலக் கண்காட்சி அக்டோபரில் நடக்கும். ஆகஸ்டில் அயோவா மாநிலத்தின் டெ மொயினுக்குப் போக முடிந்தால், 1911 முதல் அங்குள்ள மாநிலக் கண்காட்சியில் வைக்கப்படும், வெண்ணெயில் வடித்த பசுவைப் பாருங்கள். நிஜப் பசுவின் அளவு இருக்கும். மாடு வளர்த்துப் பரிசுக்குக் கொண்டுவரும் பள்ளிப் பிள்ளைகளிடம் மாட்டைப் பற்றிக் கேளுங்கள், பக்கத்தில் நிற்கும் தாத்தா பாட்டியும் சேர்ந்துகொள்வார்கள்.

அடுத்தது ரயில். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் நாக்பூர் வருவதற்குள் சம்பந்தமே பேசி முடிக்கும் நமக்கு இது கைவந்த கலை. சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் உள்ள எமரிவில் வரை கலிபோர்னியா செஃபிர் ஓடுகிறது. சுமார் 3,900 கிலோமீட்டர், வண்டியில் இரண்டு இரவுகள். கூரைவரை கண்ணாடி வைத்த பெட்டி ஒன்று உண்டு, எந்த டிக்கெட் வைத்திருப்பவரும் அங்கே போய் உட்காரலாம். சாப்பாட்டுப் பெட்டியில் முன்பின் தெரியாதவர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பது பழைய வழக்கம். நவீன வசதிகளைத் தவிர்த்து வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான, விமானம் ஏறாத ஆமிஷ் குடும்பங்களையும் சிகாகோ வண்டிகளில் பார்க்கலாம். பேசுங்கள், கேமராவை மட்டும் வெளியே எடுக்காதீர்கள்.

நிறவெறியைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். முதலில் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவுக்குப் போங்கள். 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேடையில் உட்கார்ந்து காபி கேட்ட கடை இப்போது அருங்காட்சியகம். அன்று பள்ளிப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்து நம்மிடையே இருக்கிறார்கள். "நேற்று அங்கே போயிருந்தேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். அவர்களுக்கு விருப்பம் இருந்தால் சொல்வார்கள், இல்லையென்றால் வானிலையைப் பேசிவிட்டு வரலாம்.

புறப்படும் முன் டெல்லி கஸ்தூர்பா காந்தி மார்க்கில் இருக்கும் அமெரிக்கன் சென்டர் நூலகத்தில் சில பிற்பகல்கள் உட்காருங்கள். பிள்ளை இருக்கும் ஊரின் உள்ளூர்ப் பத்திரிகையை இணையத்தில் படியுங்கள். தேவாலய விருந்து, விவசாயிகள் சந்தை எல்லாம் அதில்தான் தெரியும்.

மிளகாய்ப் பிரியர்கள் ஆகஸ்டு, செப்டம்பரில் நியூ மெக்சிகோவுக்குப் போக வழி பாருங்கள். இரும்புக் கூண்டைச் சுழற்றிச் சுழற்றிப் பச்சை மிளகாயைத் தெருவோரத்தில் சுடுவார்கள். சாப்பாட்டின் மேல் ஊற்றும் மிளகாய்ச் சாறு "சிவப்பா, பச்சையா?" என்பது அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வி, நான் சொல்வது வேடிக்கையில்லை. இரண்டும் வேண்டுமென்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொல்ல வேண்டும்.

சைவர்களுக்குக் கடைசியாக ஒரு எச்சரிக்கை. அந்த மிளகாய்ச் சாற்றில் இறைச்சி இருக்கலாம். தென் மாநிலங்களில் கொலார்டு கீரையையும் பீன்ஸையும் பன்றி எலும்போடு வேகவைப்பது பழக்கம்; சோளரொட்டியிலும் சிலர் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். பரிமாறுபவரிடம் எப்படிச் சமைத்தது என்று கேளுங்கள். சமைத்தவரே உள்ளிருந்து வந்து பதில் சொன்னால், அடுத்த அரை மணி நேரத்துக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.